ரைடர் கோப்பைக்குக் காசு வைக்காத கணிப்புப் போட்டி: கோலாலம்பூர் நண்பர்களுக்கு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவும் ஐரோப்பாவும் மோதும் கோல்ஃப் அணிப் போட்டியான ரைடர் கோப்பையோ, பிரெசிடெண்ட்ஸ் கோப்பையோ நெருங்கும்போது கோல்ஃப் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு செய்திகள் வந்து விழும். ஒன்று, "இந்தத் தடவை யாருங்க ஜெயிப்பா?" இன்னொன்று, ஏதோ ஒரு பந்தய இணையதளத்தின் இணைப்பு. முதல் கேள்விக்கு அறிவோடு பதில் சொல்லக் கற்றுக்கொண்டால் இரண்டாவதைத் தொடவே வேண்டியதில்லை. பந்தயத்தில் இருக்கும் சுவாரசியம் முழுவதும் கணிப்பில்தான் இருக்கிறது. அதை மட்டும் பிரித்தெடுத்து, ஆறு முதல் இருபது பேர் வரை சேர்ந்து ஆடும் போட்டியாக நடத்துவது எப்படி என்பதை இங்கே படிப்படியாகச் சொல்கிறோம்.

முதலில் சட்டம்

மலேசியாவில் உரிமம் பெற்ற நான்கு இலக்க எண் நிறுவனங்கள் உண்டு, குதிரைப் பந்தயம் உண்டு, கெந்திங் மலையில் காசினோ உண்டு. கோல்ஃப், காற்பந்து போன்ற விளையாட்டுகளுக்குப் பந்தயம் வாங்க உரிமம் பெற்று நடத்துகிறவர் யாரும் இல்லை. 2010இல் உலகக் கோப்பைக் காற்பந்தை ஒட்டி அப்படி ஒரு அனுமதிப் பேச்சு எழுந்தது. எதிர்ப்பு வலுத்ததும் அரசாங்கம் அதைக் கைவிட்டது. பந்தயச் சட்டம் 1953, பொதுச் சூதாட்ட இல்லச் சட்டம் 1953 ஆகிய இரண்டும் இன்றும் நடப்பில் உள்ளன. பந்தயம் வாங்குகிறவர் மட்டுமல்ல, கட்டுகிறவரும் குற்றவாளிதான்.

இணையதளம் வெளிநாட்டில் இருக்கிறது என்பது நமக்குப் பாதுகாப்பு ஆகாது. அந்தத் தளங்கள் பணத்தை யாரோ ஒருவரின் தனிப்பட்ட வங்கிக் கணக்குக்குப் போடச் சொல்லும். ஜெயித்த பணத்தைக் கேட்டால் "இன்னும் கொஞ்சம் போட்டால்தான் எடுக்க முடியும்" என்று இழுக்கும். புகார் செய்யப் போனால் நாமே சட்டத்துக்கு வெளியே நிற்போம். பணம் போய்விட்டது என்று தெரிந்த உடனேயே தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணை அழைப்பதுதான் வழி. மறுநாள் வரை காத்திருந்தால் பணம் நாலு கணக்கு தாண்டிப் போயிருக்கும்.

எல்லாரும் செய்கிற தவறு ஒன்று உண்டு. "ஆளுக்கு 20 ரிங்கிட் போடுவோம், ஜெயிச்சவர் எடுத்துக்கட்டும்" என்பது. நண்பர்களுக்குள்தானே என்று தோன்றும். ஆனால் பணம் வைத்து, முடிவைப் பார்த்து, ஒருவர் அள்ளிக்கொண்டால் அதற்குப் பெயர் பந்தயம்தான். அதனால் நுழைவுக் கட்டணமே வேண்டாம். பரிசு வேண்டுமென்றால் ஏற்பாட்டாளர் தன் கைக்காசில் வாங்கித் தரட்டும். ஒரு டஜன் கோல்ஃப் பந்து, அல்லது பினாங்கில் என்றால் ஒரு நாசி கண்டார் விருந்து போதும். காசு இல்லாததால் இன்னொரு நன்மையும் இருக்கிறது. சூதாட்டம் மார்க்கத்தில் விலக்கப்பட்டது என்று ஒதுங்கி நிற்கும் முஸ்லிம் நண்பர்களும் கூச்சமில்லாமல் சேர்ந்துகொள்வார்கள். அலுவலகக் குழுவில் நடத்துகிறவர்களுக்கு இது முக்கியம்.

படி 1: போட்டி அமைப்பை மனத்தில் பதியுங்கள்

அமைப்பு தெரியாமல் கணிக்க உட்கார்ந்தால் முதல் நாளே குழம்பும்.

ரைடர் கோப்பையில் அணிக்கு 12 பேர், மூன்று நாள், 28 ஆட்டம், ஆட்டத்துக்கு ஒரு புள்ளி, சமனானால் ஆளுக்கு அரை. வெள்ளி, சனி இரண்டு நாளும் நான்கு ஃபோர்சம்ஸ், நான்கு ஃபோர்பால் (இரண்டும் ஜோடி ஆட்டம், விளக்கம் கீழே). ஞாயிறு 12 சிங்கிள்ஸ், அதாவது ஒருவரோடு ஒருவர் மோதும் தனி ஆட்டம். கோப்பையைக் கைப்பற்ற 14½ வேண்டும். 14-14 என்று முடிந்தால் கோப்பை ஏற்கெனவே யாரிடம் இருந்ததோ அவர்களிடமே தங்கிவிடும். இந்த 28 புள்ளி அமைப்பு 1979இல் வந்தது. அதன்பின் சமனில் முடிந்தது 1989 மட்டும்தான்.

அமெரிக்காவும், ஐரோப்பா நீங்கலான பன்னாட்டு அணியும் மோதும் பிரெசிடெண்ட்ஸ் கோப்பையில் 2024இல் நான்கு நாள், 30 புள்ளி. வியாழன் 5, வெள்ளி 5, சனி 8, ஞாயிறு 12. வெற்றிக்கு 15½.

நம் ஊரிலும் இதே பாணியில் ஒரு கோப்பை நடந்திருக்கிறது. ஷா ஆலாம் கிளென்மேரி மைதானத்தில் ஆசியாவும் ஐரோப்பாவும் மோதிய யூரேசியா கோப்பை அது. 2014இல் 10-10 சமன். 2016இல் ஐரோப்பா 18½-5½. 2018இல் ஐரோப்பா 14-10. நம்ம நிக்கலஸ் ஃபங், டேனி சியா, கேவின் கிரீன் எல்லாம் ஆசியாவுக்கு ஆடியவர்கள். புதியவர்களுக்கு விளக்க 2018 நல்ல உதாரணம். சனிக்கிழமை முடிவில் ஆசியா 6½-5½ என்று முன்னால் இருந்தது. ஞாயிறு சிங்கிள்ஸில் ஐரோப்பா 8½-3½ எடுத்துக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது. ஜோடி ஆட்டத்தில் மறைந்து நிற்கும் பலவீனம் தனி ஆட்டத்தில் வெளியே வந்துவிடும்.

ஃபோர்பாலில் நான்கு பேரும் அவரவர் பந்தை ஆடுவார்கள். ஜோடியில் குறைந்த அடி எண்ணிக்கை எதுவோ அது கணக்கில் சேரும். ஒருவர் தண்ணீரில் அடித்தாலும் இன்னொருவர் காப்பாற்றலாம். ஃபோர்சம்ஸில் ஜோடிக்கு ஒரே பந்து, மாறி மாறி அடிக்க வேண்டும். ஒருவர் ஒற்றைப்படை ஹோல்களில் டீ (முதல் அடி) அடிப்பார், மற்றவர் இரட்டைப்படையில். கூட்டாளி காட்டுக்குள் விட்ட பந்தைப் போய் எடுக்கிறவர் நீங்கள் என்றால் புரியும், இது எவ்வளவு கடினமென்று. அதனால் ஃபோர்சம்ஸில் நீளமாக அடிக்கிறவரைவிட நேராக அடிக்கிறவருக்குக் கூடுதல் மதிப்பு கொடுங்கள்.

"3 & 2" என்றால் இரண்டு ஹோல் பாக்கி இருக்கும்போதே மூன்று ஹோல் முன்னணி, ஆட்டம் முடிந்தது என்று பொருள்.

படி 2: வெளியில் சொல்லும் விலையை வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

விளையாட்டுச் செய்திகளில் "ஐரோப்பா 1.80" என்று பந்தய விலை வரும், 1 ரிங்கிட் கட்டி ஜெயித்தால் கைக்கு 1.80 வரும் என்று பொருள். பந்தயத் தளத்துக்குள் போகாமலே கிடைக்கும் தகவல் இது. விலை என்பது வேஷம் போட்ட நிகழ்தகவு. வேஷத்தைக் கலைத்தால் போதும்.

தசம விலையில் 100ஐ அந்த விலையால் வகுங்கள். 1.80 என்றால் 55.6%. பின்ன விலையில் 5/4 என்றால் அதோடு 1 கூட்டி 2.25, அதாவது 44.4%. அமெரிக்க விலையில் -150 என்றால் 60%, +200 என்றால் 33.3%.

மலாய் விலை என்று ஒன்று நம் வட்டாரத்தில் புழங்குகிறது. ரொம்பப் பேர் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள். 0.80 என்று இருந்தால் 1 ரிங்கிட்டுக்கு 80 சென் லாபம், தசமத்தில் 1.80. கழித்தல் குறி போட்டு -0.50 என்று இருந்தால் 50 சென் இழக்கத் துணிந்தவருக்கு 1 ரிங்கிட் லாபம், தசமத்தில் 3.00, அதாவது 33.3%. கழித்தல் குறியைப் பார்த்ததும் "இவர்தான் வலுவானவர்" என்று நினைத்துவிடுவார்கள். அமெரிக்க விலையில் கழித்தல் குறி வலுவான அணியைக் காட்டும். மலாய் விலையில் அதுவே நோஞ்சான் அணியைக் காட்டும். ஒன்றை மற்றொன்றாக எண்ணினால் கணிப்பு தலைகீழ்.

அடுத்தது பந்தயம் நடத்துகிறவரின் பங்கை நீக்குவது. ஓர் அணி 1.80, மற்ற அணி 2.20, சமன் 12.00 என்று வைத்துக்கொள்வோம். 55.6, 45.5, 8.3. கூட்டினால் 109.4 வருகிறது. நூறுக்கு மேலே நிற்கும் அந்த ஒன்பது சொச்சம்தான் கடைக்காரன் லாபம். ஒவ்வொன்றையும் 109.4ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 50.8, 41.6, 7.6 என்று நேர்மையான எண்கள் வரும். பந்தயம் கட்டுகிறவர் காலப்போக்கில் ஏன் தோற்கிறார் என்பதும் இந்த ஒரே கணக்கில் தெரிந்துவிடும்.

படி 3: உங்கள் சொந்த எண்ணைப் போடுங்கள்

இங்கேதான் நிதானம் வேண்டும். தொலைக்காட்சியில் பேசுகிறவர்கள் எல்லாரும் உலகத் தரவரிசையைப் பிடித்துக்கொண்டு பேசுவார்கள். 18 ஹோல் மேட்ச் பிளேயில் (மொத்த அடியை விட்டு, யார் அதிக ஹோல் ஜெயித்தார் என்று பார்க்கும் முறை) தரவரிசை நாம் நினைக்கிற அளவுக்கு வேலை செய்வதில்லை. ஏன் என்பதைக் கணக்கிலேயே பார்க்கலாம்.

இரண்டு பேரும் சரிசமம் என்று வையுங்கள். ஒவ்வொரு ஹோலிலும் பாதி வாய்ப்பு சமன், கால் வாய்ப்பு இவருக்கு, கால் வாய்ப்பு அவருக்கு. 18 ஹோல் முடிவில் ஆட்டம் சமனாக நிற்கும் வாய்ப்பு நூற்றில் 13. மீதி 87ஐ இருவரும் பாதிப் பாதி பிரித்துக்கொள்வார்கள். இப்போது ஒருவர் கொஞ்சம் வலுவானவர், ஹோலை ஜெயிக்கும் வாய்ப்பு 27%, தோற்கும் வாய்ப்பு 23%. கணக்குப் போட்டால் வெற்றி 53, சமன் 13, தோல்வி 34 என்று வருகிறது. தெளிவாக மேலான ஆட்டக்காரர்கூட மூன்றில் ஒரு தடவை தோற்பார்.

நடந்ததைப் பார்த்தாலும் அப்படித்தான். 2023 ரோம் ரைடர் கோப்பையில் அமெரிக்காவின் ஸ்காட்டி ஷெஃப்லரும் புரூக்ஸ் கெப்காவும் சேர்ந்த ஜோடி, ஐரோப்பாவின் விக்டர் ஹோவ்லாண்ட் - லுட்விக் ஓபெர்க் ஜோடியிடம் 9 & 7 என்று தோற்றது. 2025 நியூயார்க் பெத்பேஜில் அதே ஷெஃப்லர் முதல் நான்கு ஆட்டத்திலும் தோற்றார். அப்போது உலகின் முதல் நிலை ஆட்டக்காரர் அவர்தான். ஞாயிறு ரோரி மெக்கில்ராயை அவரே ஜெயித்தார். ஒரே ஆட்டத்துக்கு நூற்றில் 70க்கு மேல் கொடுக்கக் கை போகும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

முழுக் கோப்பைக்கும் இதே பார்வை வேண்டும். இரண்டு அணியும் சரிசமம் என்றாலும் 28 ஆட்டத்தில் மொத்தப் புள்ளி 14ஐச் சுற்றி இரண்டரை புள்ளி அளவுக்கு இயல்பாகவே ஆடும். சரிசமமான அணிகளுக்குள்ளேயே மூன்றில் ஒரு தடவைக்கு மேல் 16½-11½ அல்லது அதைவிட மோசமான முடிவு வரும். மறுநாள் பத்திரிகை அதை "படுதோல்வி" என்று எழுதும். 2024 பிரெசிடெண்ட்ஸ் கோப்பையை நினைத்துப் பாருங்கள். வியாழன் அமெரிக்கா 5-0. மறுநாள் பன்னாட்டு அணி 5-0. ஒரு நாள் முடிவை வைத்து அடுத்த நாளைக் கணிப்பவருக்கு அது ஒன்றே போதும்.

எண்ணை எதனால் ஏற்றலாம், இறக்கலாம்?

சொந்த மண் பெரிய காரணம். ரைடர் கோப்பையில் 2014 முதல் 2023 வரை ஐந்து தடவையும் சொந்த ஊரில் ஆடிய அணியே வென்றது, ஐந்திலும் இடைவெளி பெரிது. ரசிகர் கூச்சல் மட்டும் காரணமில்லை. மைதானத்தை எப்படித் தயார் செய்வது என்பது சொந்த ஊர் கேப்டன் கையில் இருக்கிறது. 2018இல் பாரிஸ் அருகே ஃபேர்வேயை (புல்லைக் குட்டையாக வெட்டிய நடுப்பாதை) குறுக்கி, ரஃபை (அதன் ஓரத்து உயர்ந்த புல்) வளரவிட்டு, நீளமாக அடிக்கும் அமெரிக்கர்களைத் திணற வைத்தார்கள். ஆனால் 2025இல் நியூயார்க்கில் அமெரிக்கா ரஃபைக் குட்டையாக வெட்டி வைத்தும் ஐரோப்பா 15-13 என்று வென்றது. ஆகவே சொந்த மண்ணுக்கு ஆட்டத்துக்கு நாலைந்து விழுக்காடு கூட்டுங்கள், அதற்கு மேல் வேண்டாம். 2026 செப்டம்பரில் சிகாகோ அருகே மெடினாவில் நடக்கும் பிரெசிடெண்ட்ஸ் கோப்பையில் கவனிக்க ஒரு விசேஷம் இருக்கிறது. அந்த மைதானத்தைத் திருத்தி வடிவமைத்த நிறுவனத்தின் பங்காளிகளில் ஒருவரான ஜெஃப் ஓகில்விதான் பன்னாட்டு அணியின் கேப்டன்.

ஜோடிப் பொருத்தம் அடுத்தது. ஏற்கெனவே சேர்ந்து ஆடிய ஜோடி என்றால் ஃபோர்சம்ஸில் கொஞ்சம் ஏற்றுங்கள். ஃபோர்பாலில் அவ்வளவு வேண்டாம்.

ஞாயிறு காலை "இனி எத்தனை வேண்டும்" என்ற கணக்கைக் கட்டாயம் போடுங்கள். 2025 சனி முடிவில் ஐரோப்பா 11½-4½. கோப்பை ஏற்கெனவே அவர்களிடம் இருந்ததால் 14 போதும், 12 ஆட்டத்தில் இரண்டரை புள்ளி. அமெரிக்காவுக்குப் பத்து வேண்டும். அமெரிக்கா எட்டரை எடுத்தது, பிரமாதமான ஆட்டம், போதவில்லை. 10-6 பின்தங்கிய அணி 14½ எட்டுவது சரிசமமான அணிகளுக்குள் நூற்றில் சுமார் 8 வாய்ப்பு. அரிது, ஆனால் நடக்கும். 1999 புரூக்லைனில் அமெரிக்காவும் 2012 மெடினாவில் ஐரோப்பாவும் அந்தப் பள்ளத்திலிருந்து ஏறி வந்து 14½-13½ என்று வென்றன.

படி 4: புளியங்கொட்டைக் கணக்கு

"சரியாகச் சொன்னால் ஒரு புள்ளி" என்ற முறை வேண்டாம். எல்லாரும் வலுவான பக்கத்தையே சொல்வார்கள், சமனை யாரும் தொடமாட்டார்கள், எல்லாருடைய பட்டியலும் ஒன்றாகவே இருக்கும்.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை என்று வையுங்கள். பல்லாங்குழி ஆடுகிற மாதிரி மூன்று குழி: முதல் அணி வெற்றி, சமன், இரண்டாம் அணி வெற்றி. பத்தையும் உங்கள் நம்பிக்கைக்கு ஏற்பப் பிரித்துப் போட வேண்டும். நேரில் கூடி ஆடும்போது பிள்ளைகளும் தாத்தா பாட்டிகளும் உண்மையான கொட்டையையே பயன்படுத்தலாம், விரல் நுனியில் வழுக்கும் அந்தப் பழுப்புக் கொட்டையை எந்தக் குழியில் விடுவது என்று தயங்கும் நேரத்தில்தான் கணிப்பு என்றால் என்ன என்பது அவர்களுக்குப் பிடிபடும். மற்றவர்கள் பகிர்வுத் தாளில் எண்ணை மட்டும் நிரப்பினால் போதும்.

ஆட்டம் முடிந்ததும் நடந்த முடிவின் குழிக்கு 10, மற்ற இரண்டுக்கும் 0 என்று எழுதுங்கள். உங்கள் எண்ணுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை மூன்று குழியிலும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் அதுவே தண்டம். குறைந்த தண்டம் உள்ளவர் வெற்றியாளர்.

ஒருவர் 5-1-4 என்று போட்டிருக்கிறார். முதல் அணி வென்றால் 25+1+16 = 42. இரண்டாம் அணி வென்றால் 25+1+36 = 62. இன்னொருவர் துணிந்து 9-0-1 போட்டார். முதல் அணி வென்றால் வெறும் 2. இரண்டாம் அணி வென்றால் 81+0+81 = 162. அந்த ஒரு ஆட்டம் அவருடைய நாள் முழுவதையும் விழுங்கிவிடும்.

இந்த முறையில் மனத்தில் பட்டதை அப்படியே போடுவதுதான் லாபம். உங்கள் உண்மையான நம்பிக்கை 5-1-4 என்று வையுங்கள். அதையே போட்டால் சராசரித் தண்டம் 58. "அடிச்சுப் பார்ப்போம்" என்று 10-0-0 போட்டால் சராசரித் தண்டம் 100.

படி 5: கெடு நேரம்

போட்டி குலைவது பெரும்பாலும் இங்கேதான். செப்டம்பரில் கோலாலம்பூர் நேரம் நியூயார்க்கைவிட 12 மணி, சிகாகோவைவிட 13 மணி, அயர்லாந்தைவிட 7 மணி முன்னால். அமெரிக்காவில் நடக்கும்போது அவர்கள் காலை 7 மணி ஆட்டம் நமக்கு இரவு 7 அல்லது 8. அவர்கள் பிற்பகல் ஆட்டத்துக்கான ஜோடிகள் நமக்கு நள்ளிரவு வாக்கில்தான் தெரியும். ஞாயிறு சிங்கிள்ஸ் முடியும்போது இங்கே திங்கள் விடியற்காலை, வேலைநாள்.

எனவே காலை ஆட்டங்களுக்கு மட்டும் ஆட்டவாரியாகக் கொட்டை போடுங்கள். ஜோடிகள் முந்தின நாளே தெரிந்துவிடும். பிற்பகல் சுற்றுக்கு அணியின் மொத்தப் புள்ளியை மட்டும் கணியுங்கள். நான்கு ஆட்டத்தில் ஐரோப்பா இரண்டரை எடுக்கும் என்பதுபோல. அரைப் புள்ளி தவறினால் 10 தண்டம், ஒரு புள்ளி தவறினால் 40, ஒன்றரை தவறினால் 90. இதை முதல் டீக்கு முன்பே வாங்கிவிடலாம், யாரும் தூக்கம் கெட வேண்டியதில்லை. 2027இல் அயர்லாந்தின் அடேர் மேனரில் நடக்கும்போது இந்தத் தொல்லை இல்லை. எல்லாச் சுற்றும் நம் பிற்பகலிலோ மாலையிலோ தொடங்கிவிடும், எல்லாச் சுற்றுக்கும் ஆட்டவாரியாகவே நடத்தலாம்.

கெடு முதல் டீக்கு அரை மணி முன்பு. அந்த நிமிடம் தாளைப் பூட்டி, படம் எடுத்துக் குழுவில் போட்டுவிடுங்கள். போடத் தவறியவருக்கு 4-2-4 என்று தானாக நிரப்புங்கள். தவறியவரை நீக்கினால் சனிக்கிழமைக்குள் பாதிப் பேர் காணாமல் போவார்கள்.

படி 6: சண்டை வராமல் இருக்க முன்கூட்டியே எழுத வேண்டியவை

ரைடர் கோப்பையில் உறை விதி என்று ஒன்று உண்டு. காயத்தால் ஒருவர் சிங்கிள்ஸ் ஆட முடியாவிட்டால், எதிரணி கேப்டன் உறையில் எழுதி வைத்த ஆளும் ஆடாமல் உட்காருவார், ஆளுக்கு அரைப் புள்ளி. 2025இல் கழுத்து வலியால் ஹோவ்லாண்ட் விலக, ஹாரிஸ் இங்கிலிஷ் உட்கார்ந்தார். கோப்பைக் கணக்கில் அது சமன். உங்கள் கணிப்பில் அதைச் சமன் என்று எடுப்பதா, செல்லாத ஆட்டம் என்று விடுவதா? செல்லாது என்று விடுங்கள், ஒரு பந்தும் அடிக்காத ஆட்டத்துக்கு யாருக்கும் தண்டம் போடுவது நியாயமில்லை. மொத்தப் புள்ளிக் கணிப்பில் மட்டும் அந்த அரை சேரும்.

இரண்டு பேர் ஒரே தண்டத்தில் முடிந்தால், ஐரோப்பாவின் இறுதிப் புள்ளியை வியாழக்கிழமையே யார் நெருக்கமாகச் சொன்னாரோ அவருக்கு முதலிடம். முடிவுகளுக்குப் போட்டியின் அதிகாரபூர்வப் பட்டியலே கடைசி வார்த்தை.

கணக்கை ஒருவர் பார்க்கட்டும், இன்னொருவர் சரிபார்க்கட்டும். முதல் அணி, இரண்டாம் அணி என்ற வரிசை மாறிப் பதிவாவதுதான் வழக்கமாக வரும் பிழை. தாளின் தலைப்பில் அணிகளின் பெயரையே எழுதி, எல்லாச் சுற்றுக்கும் அதே வரிசையைக் காப்பாற்றினால் அது வராது. யாராவது ஒருவருடைய தண்டம் ஒரு ஆட்டத்தில் 150ஐத் தாண்டினால், கூட்டலைச் சேர்ப்பதற்கு முன் அவருடைய குழிகள் தலைகீழாகப் பதிவாகியிருக்கின்றனவா என்று ஒருமுறை அவரையே கேட்டுக்கொள்ளுங்கள்.

குழுவில் யாராவது இதைக் காசுக்கு மாற்றிப் பார்க்கலாம் என்று தனியாகச் செய்தி அனுப்பத் தொடங்கினால், அவரோடு தனியாகப் பேசுங்கள், குழுவில் வைத்து அவமானப்படுத்த வேண்டாம். ஏற்கெனவே கடனில் சிக்கியவராகவும் இருக்கலாம். மனம் விட்டுப் பேச அவருக்கு ஆள் வேண்டுமென்றால் கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 எண்ணைக் கொடுங்கள், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.

திங்கள் காலை முடிவை அறிவிக்கும்போது மொத்தத் தண்டத்தோடு, ஒவ்வொருவரும் எந்த ஆட்டத்தில் அதிகம் இழந்தார் என்பதையும் ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள். எல்லாருடைய தாளையும் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த கோப்பைக்கு ஒரு வாரம் முன்பு அதையே எடுத்துக் குழுவில் போட்டால், யார் எந்த அணிமேல் அளவுக்கு மீறி நம்பிக்கை வைத்தார் என்பது எண்ணாகவே தெரியும், புதிய கொட்டையை எங்கே குறைக்க வேண்டும் என்பதும் தெரியும்.